ஒரு வாக்கு என்றால் அது பங்காளிக்கு: அரபு நாடுகளில் குலமும் தேர்தலும்

ஜோர்டானில் பல ஆண்டுகளாகத் தேர்தல் சுவரொட்டிகளில் பெரும்பாலும் கட்சிக் கொடி இருக்காது. ஜெயித்தால் என்ன செய்வேன் என்ற வாக்குறுதியும் அநேகமாக இருக்காது. ஒரு முகம், ஒரு பெயர், கீழே யாரும் மறுக்க முடியாத பொதுவாசகம் ஒன்று. வெளியூர்க்காரருக்கு அதிலிருந்து ஒன்றும் புரியாது. உள்ளூர்க்காரருக்கு அந்தப் பெயரின் கடைசிச் சொல் போதும். ஆள் எந்தக் குலம், அதில் எந்தக் கிளை, தொகுதியில் அவர்களுக்குச் சுமார் எத்தனை வீடு என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லிலேயே வந்துவிடும்.

தெருவோரம் பெரிய கூடாரம். உள்ளே வரிசையாக நாற்காலிகள், ஏலக்காய் போட்ட கசப்புக் காப்பி, இனிப்புக்குக் குனாஃபா. பெரிய நாள் என்றால் மன்சஃப்: காய்ந்த தயிர்க்கட்டியைக் கரைத்து அதில் வேகவைத்த ஆட்டுக்கறியும் சோறும், ஒரே தட்டைச் சுற்றிப் பலர் நின்று சாப்பிடுவது. கூடாரத்தில் பேசப்படும் கொள்கை குறைவு. யார் யார் வந்தார்கள் என்பதுதான் அங்கே செய்தி.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, "பழைய குலப்பற்றை விட மாட்டேன் என்கிறார்கள், பிறகு ஜனநாயகம் எப்படி வரும்?" என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு இது வண்டியை மாட்டுக்கு முன்னால் பூட்டுகிற கதையாகப் படுகிறது. தேர்தலை எப்படி வைக்கிறார்கள் என்று பார்த்தால், அங்கே குலம் ஏன் கட்சியின் வேலையைச் செய்கிறது என்பது விளங்கிவிடும். அதற்கு முன் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம்.

பழங்குடி என்றால் தப்பு

நம் செய்தித்தாள்கள் இவர்களைப் 'பழங்குடியினர்' என்று எழுதிவிடுகின்றன. அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்குக் காடும் மலையும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் குவைத்தின் முதைர் குலத்திலோ ஜோர்டானின் பனீ ஹசன் குலத்திலோ பிறந்த ஒருவர் பல்கலைக்கழகப் பேராசிரியராகவோ படைத்தளபதியாகவோ எண்ணெய்க் கம்பெனிப் பொறியாளராகவோ இருக்கலாம். அரபியில் பெரிய குலத்துக்குக் கபீலா என்று பெயர். அதன் உட்பிரிவு அஷீரா. ஜோர்டானில் பேச்சுவழக்கில் அஷீராதான் அதிகம். ஒரே மூதாதையிலிருந்து ஆண்வழியில் வந்தவர்கள் நாங்கள் என்ற நம்பிக்கைதான் குலத்தின் அடித்தளம். 'பனீ' என்றாலே 'இன்னாரின் பிள்ளைகள்' என்றுதான் பொருள். தமிழில் இதற்கு மிக நெருங்கிய சொல் பங்காளி என்று நினைக்கிறேன்.

சாதியோடு ஒப்பிடத் தோன்றும். வாக்குக் கணக்கில் ஒற்றுமை உண்டு. ஆனால் சாதி என்பது மேல்கீழ் அடுக்கு, அரபுக் குலங்கள் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பவை. எல்லாரும் தங்களைச் சமமான வம்சம் என்றே சொல்லிக்கொள்வார்கள், மனசுக்குள் தங்கள் வம்சம் ஒரு படி மேல் என்று நினைத்துக்கொண்டு. இன்னொன்று, குலங்களுக்கு நாட்டு எல்லை பொருட்டில்லை. ஷம்மர் குலத்தார் இராக், சிரியா, சவூதி என்று பரவியிருக்கிறார்கள். எல்லைக்கோடுகள் பிறகுதான் வந்தன.

ஆட்சி அமைக்காத நாடாளுமன்றம்

நாம் வாக்களிக்கும்போது, கடைசியில் யார் ஆட்சிக்கு வருவார் என்ற கேள்வி எங்கோ பின்னால் இருக்கிறது. ஜோர்டானில் அந்தக் கேள்வியே இல்லை. பிரதமரை அரசர் நியமிக்கிறார். மேலவை முழுவதும் அரசரின் நியமனம். கீழவை மட்டும் மக்கள் தேர்ந்தெடுப்பது, அதையும் அரசர் கலைக்கலாம். குவைத்திலும் பிரதமர் அந்நாட்டு மன்னரான அமீரின் தேர்வு. அங்கே கட்சிகளுக்குச் சட்ட அங்கீகாரமே கிடையாது.

அப்படியானால் உறுப்பினர் என்னதான் செய்வார்? அமைச்சரின் அறைக் கதவைத் தட்டுவார். தம்பிக்கு ராணுவத்தில் வேலை, அம்மாவுக்கு நல்ல அரசு மருத்துவமனையில் சிகிச்சை, பையனுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம், ஊருக்குத் தார்ச்சாலை. இப்படிப்பட்டவருக்கு அரபியில் 'சேவை உறுப்பினர்' என்றே பெயர். காரியம் முடிய நடுவில் ஒருவர் வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டை 'வாஸ்தா' என்கிறார்கள். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்த நம்மூர்க்காரர் யாரைக் கேட்டாலும் இந்தச் சொல்லுக்குப் பத்துக் கதை சொல்வார்.

இப்போது ஒரு வாக்காளரின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். என் வாக்கு அரசாங்கத்தை மாற்றாது, வரியையும் வெளியுறவையும் மாற்றாது. ஒரு தொலைபேசி அழைப்புக்கு மட்டும் பயன்படும். அந்த அழைப்பை யார் எடுப்பார்? ஜெயித்தபின் என்னை மறந்துவிட்டால் யாரை நான் நாலு பேர் முன்னால் கேள்வி கேட்க முடியும்? கல்யாணத்திலும் சாவிலும் தினமும் முகம் பார்க்க வேண்டிய பங்காளியைத்தான். ஆக, குலத்துக்கு வாக்களிப்பது உணர்ச்சிவசப்பட்ட முடிவு என்று சொல்ல முடியாது. கையில் இருக்கும் சின்ன நாணயத்துக்கு அதிகபட்சம் என்ன கிடைக்கும் என்று பார்த்துச் செலவழிப்பது அது.

ஜோர்டான் 1993

ஜோர்டான் அரசும் குலங்களும் செய்துகொண்ட ஏற்பாடு பழையது. 1921இல் பிரிட்டிஷார் துணையோடு அப்துல்லா அங்கே அமீராக வந்தபோது அவருக்குச் சொந்தமாக அங்கே வேர் கிடையாது, மேற்கு அரேபியாவின் ஹிஜாஸிலிருந்து வந்தவர். 1930இல் கிளப் என்ற ஆங்கிலேய அதிகாரி வந்து பாலைவனக் காவல்படையை அமைத்து, பாலைவன நாடோடிகளான பெதூயின் குலங்களின் இளைஞர்களைச் சேர்த்தார். மேய்ச்சலும் கொள்ளைத் தாக்குதலும் கைவிட்டுப்போன காலத்தில் மாதச் சம்பளம் என்பது பெரிய விஷயம். அன்றிலிருந்து கணக்கு எளிது: குலங்கள் அரசருக்கு விசுவாசம் தரும், அரசர் படையிலும் அரசுப் பணியிலும் இடம் தருவார். 1948, 1967 அரபு-இஸ்ரேல் போர்களுக்குப் பிறகு பாலஸ்தீனர்கள் பெரும் எண்ணிக்கையில் வந்துசேர்ந்ததும், 1970இல் பாலஸ்தீன ஆயுதக் குழுக்களோடு ராணுவம் மோதியதும் இந்த ஒப்பந்தத்தை இன்னும் இறுக்கின.

ஒப்பந்தம் இறுகினாலும் உடையாத ஒன்றாக அது இருக்கவில்லை. 1989 ஏப்ரலில் சர்வதேச நிதியத்தின் நிபந்தனைக்காக விலையை ஏற்றியபோது முதலில் கலவரம் வெடித்தது பாலஸ்தீன அகதி முகாமில் இல்லை, தெற்கே மஆன் நகரில். அரசரின் சொந்த ஆதரவாளர்கள் என்று கருதப்பட்ட குலங்களின் ஊர் அது. அதைத் தணிக்கத்தான் அரசர் ஹுசைன், 1967க்குப் பிறகு நின்றுபோயிருந்த பொதுத்தேர்தலை அந்த ஆண்டு நவம்பரில் நடத்தினார்.

முடிவு அரண்மனைக்குப் பிடிக்கவில்லை. 80 இடங்களில் முஸ்லிம் சகோதரத்துவ அமைப்புக்கு 22. மற்ற இஸ்லாமியவாதிகளையும் சேர்த்தால் 30ஐத் தாண்டியது. இடதுசாரிகளும் கணிசமாக வந்திருந்தார்கள். குலம் அத்தனை வலுவாக இருந்த நாட்டில் இது எப்படி நடந்தது?

இங்கேதான் தேர்தல் விதி முக்கியமாகிறது. நம்மூரில் ஒரு தொகுதிக்கு ஒரு உறுப்பினர். அங்கே ஒரு தொகுதிக்குப் பல உறுப்பினர்கள். 1989இல் தொகுதியில் எத்தனை இடமோ, அத்தனை வாக்கு ஒவ்வொருவர் கையிலும் இருந்தது. மூன்று இடத் தொகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பள்ளி ஆசிரியர் முதல் வாக்கைக் கடமைக்காகப் பங்காளிக்குப் போடுவார். இரண்டாவதை, இலவச மருத்துவமனை நடத்தும் சகோதரத்துவ டாக்டருக்கு. மூன்றாவதை, மேடையில் நன்றாகப் பேசும் இடதுசாரி வக்கீலுக்கு. உறவும் கெடவில்லை, மனசுக்குப் பிடித்ததையும் செய்தாயிற்று.

1993இல், இஸ்ரேலோடு சமாதானப் பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், அரசு விதியை மாற்றியது. தொகுதிகள் அப்படியே பல இடங்களோடு இருக்கும். ஆனால் ஆளுக்கு ஒரே ஒரு வாக்கு. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள்! 'ஒரு ஆள், ஒரு வாக்கு' என்பது உலகம் முழுக்க ஜனநாயகத்தின் முழக்கம்தானே. ஆனால் நம் ஆசிரியரின் கையில் இப்போது ஒரு சீட்டுதான். டாக்டருக்குப் போட்டால் நாளைக்குக் கல்யாணப் பந்தலில் மாமன் முகத்தில் எப்படி விழிப்பது? வாக்கு பங்காளிக்குப் போயிற்று. சகோதரத்துவ அமைப்பின் கட்சியான இஸ்லாமிய செயல் முன்னணிக்குக் கிடைத்த இடங்கள் 16ஆகக் குறைந்தன. அடுத்த ஆண்டு இஸ்ரேலோடு செய்த ஒப்பந்தம் அந்த நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 1997 தேர்தலை முன்னணி புறக்கணித்தது.

விதி இதோடு நிற்கவில்லை. குலங்கள் செறிந்த தெற்கு மாவட்டங்களுக்கு மக்கள்தொகையைவிடக் கூடுதல் இடங்கள். பாலஸ்தீன வம்சாவளியினர் மிகுந்த அம்மான், சர்க்கா நகரங்களுக்குக் குறைவு. பெதூயின்களுக்கென்று தனித் தொகுதிகள் உண்டு, அவற்றில் நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதைவிட எந்தக் குலத்தில் பிறந்தீர்கள் என்பதுதான் வாக்குரிமையைத் தீர்மானிக்கும். அதாவது குலத்தின் பெயரைச் சட்டப் புத்தகத்திலேயே எழுதிவைத்தார்கள். 1976இல் குலச் சட்டங்களை ரத்து செய்த அதே அரசு இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே வாக்கு என்றதும் குலங்கள் உட்தேர்தல் நடத்த ஆரம்பித்தன. ஒரே குலத்தில் மூன்று பேர் நின்றால் வாக்கு சிதறி மூவரும் தோற்பார்கள். ஆகவே தேர்தலுக்கு முன்னாலேயே பங்காளிகள் கூடி, வாக்குப் பெட்டி வைத்து, யார் நம் ஆள் என்று முடிவு செய்தார்கள். எல்லா நேரமும் அது பலிக்கவில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்களே, அதுபோலத் தோற்றவர் தன் கிளையைக் கூட்டிக்கொண்டு தனியாக நிற்பார். காலப்போக்கில் பெரிய குலங்கள் சின்னச் சின்னக் கிளைகளாகப் பிரிந்து போட்டியிட்டன.

சிறிய குலங்கள் கண்டுபிடித்த ஒரு வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. 2003இல் பெண்களுக்கென 6 இடங்கள் ஒதுக்கினார்கள். தோற்ற பெண் வேட்பாளர்களில், தம் தொகுதியில் பதிவான வாக்குகளில் அதிக விழுக்காடு வாங்கியவருக்கு அந்த இடம். மொத்த வாக்கு இல்லை, விழுக்காடு! ஆகவே சிறிய கிராமத் தொகுதியில் சில நூறு வாக்குகளே பெரிய விழுக்காடாகிவிடும். பொது இடத்தைப் பிடிக்க ஆள்பலம் இல்லாத குலங்கள், "சரி, நம் வீட்டுப் பெண்ணை நிறுத்துவோம்" என்று கணக்குப் போட்டன. ஆண்களின் கூட்டத்தில் பெண்ணுக்கு இடமே தராத அதே அமைப்பு, வரவு தெரிந்ததும் தானே பெண்ணை முன்னால் அனுப்பியது.

குவைத்: அதே விதி, வேறு விளைவு

இதுவரை படித்தவர்களுக்கு, 'ஒரு வாக்கு முறை குலத்துக்குச் சாதகம்' என்று தோன்றியிருக்கும். குவைத்துக்கு வந்தால் அது தலைகீழாகும்.

குவைத்தின் தேசிய சபைக்கு 50 உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தார்கள், 1963இலிருந்து. அமைச்சரைக் கூப்பிட்டு நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்யும் அதிகாரம் அதற்கு இருந்தது. வளைகுடாவில் அப்படி ஒரு சபை வேறெங்கும் கிடையாது என்றே சொல்லலாம். ஆரம்ப காலத்தில் அமீரின் தலைவலி நகரத்து வணிகர்களும் அரபு தேசியவாதிகளும். அவர்களுக்கு எதிர்ப்பாரமாக 1960களிலும் 70களிலும் பெதூயின் குலத்தாருக்குப் பெருமளவில் குடியுரிமை கொடுத்து, நகரத்துக்கு வெளியே வீடு கட்டிக் கொடுத்துக் குடியேற்றினார்கள். பழைய நகர மதிலுக்குள் இருந்தவர்கள் 'ஹதர்', வெளியே வந்தவர்கள் 'பது' என்ற பிரிவினை அங்கே இன்னும் அரசியலின் அடிநாதம். பதுக்கள் அப்போது அரசின் ஆள்கள்.

அவர்களும் அதே கூட்டல் கழித்தலைக் கற்றுக்கொண்டார்கள். உட்தேர்தலை 1998இல் ஒரு சட்டம் தடை செய்தது. குலங்கள் அதைக் 'கலந்தாலோசனை' என்று பெயர் மாற்றி நடத்தின. 2008 தேர்தலின்போது போலீஸ் நுழைந்து மோதல் வரை போயிற்று. அந்தத் தேர்தலிலிருந்து நாடு 5 தொகுதிகள், தொகுதிக்கு 10 இடங்கள், ஆளுக்கு 4 வாக்குகள். பெரிய குலத்துக்கு இதைவிட வசதி கிடையாது. ஒரு தொகுதியில் 20,000 வாக்குகள் கொண்ட குலம் உட்தேர்தலில் நான்கு பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டால், ஒவ்வொருவரும் நான்கு வாக்கையும் அந்த நால்வருக்கே போடுவார்கள். நால்வருக்கும் ஆளுக்கு 20,000. கதை முடிந்தது.

இதற்குள் பழைய விசுவாசம் கரைந்துவிட்டிருந்தது. குடியேறியவர்களின் பிள்ளைகள் படித்தார்கள். நகரத்தாருக்குக் கிடைப்பது தங்களுக்குக் கிடைக்கவில்லை என்று பார்த்தார்கள். முதைர் குலத்தைச் சேர்ந்த முசல்லம் அல்-பர்ராக் எதிர்க்கட்சி வரிசையின் முகமாகவே ஆனார். ஊழல் குற்றச்சாட்டுகளைக் கிளப்பி ஆட்டம் காட்டிய கூட்டத்தில் குலத்து உறுப்பினர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். 2011 நவம்பரில் போராட்டக்காரர்கள் சபைக் கட்டடத்துக்குள் புகுந்தார்கள், பிரதமர் பதவி விலகினார். 2012 பிப்ரவரித் தேர்தலில் எதிரணிக்குப் பெரும்பான்மை. அந்தத் தேர்தலை ஜூன் மாதம் அரசமைப்பு நீதிமன்றம் செல்லாது என்றது.

அக்டோபரில் அமீர் ஓர் ஆணை பிறப்பித்தார். தொகுதி அதே, இடங்கள் அதே. ஆளுக்கு இனி ஒரே வாக்கு.

இப்போது அந்த 20,000 வாக்குக் குலத்தின் கதி என்ன? நால்வரும் ஜெயிக்க வேண்டுமானால் ஆளுக்குச் சரியாக 5,000 என்று பிரித்துப் போட வேண்டும். யார் யாருக்குப் போடுவது என்று வீடுவீடாகப் பங்கு பிரிப்பது யாரால் முடியும்? அதிலும் ஒருவர் பிரபலமானவர் என்றால் அவர் ஒருவருக்கே 12,000 குவிந்து, மற்ற மூவரும் மிச்சத்தைப் பங்கிட்டுத் தோற்பார்கள். பெரிய குலத்தின் பலமே அதற்குப் பாரமாயிற்று. ஒரே ஒருவரை நிறுத்தி அவருக்கே எல்லா வாக்கும் போடக்கூடிய சிறிய குலங்களுக்கும் சிறுபான்மையினருக்கும் வழி திறந்தது. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது இதற்கே சொன்னது போல இருக்கிறது.

எதிரணி 2012 டிசம்பர் தேர்தலைப் புறக்கணித்தது. பெரிய குலங்களான முதைர், அவாசிம், அஜ்மான் ஆகியவை ஏறக்குறைய காணாமல் போயின. சிறுபான்மையினரான ஷியாக்கள் 50இல் 17 இடங்களைப் பிடித்தார்கள். இதில் புறக்கணிப்பின் பங்கும் உண்டு, முழுவதையும் விதியின் தலையில் போட முடியாது. பிறகு வந்த தேர்தல்களில் குலங்கள் கணக்கைத் திருத்திக்கொண்டு, குறைந்த ஆட்களை நிறுத்தித் திரும்பி வந்தன.

ஆக, ஜோர்டானில் கட்சிகளைச் சுருக்கவும் குவைத்தில் பெரிய குலங்களை உடைக்கவும் பயன்பட்டது ஒரே கருவி. யார் ஒன்றுசேர்ந்து பலமாக இருக்கிறார்களோ, அவர்களைச் சிதறடிப்பதுதான் அதன் வேலை. குலம் பழமையானதா, கட்சி நவீனமானதா என்பதில் அரண்மனைக்குப் பெரிய அக்கறை கிடையாது.

இரண்டு நாடுகளிலும் கதை எங்கே வந்து நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜோர்டான் 2016இல் ஒரே வாக்கைக் கைவிட்டுப் பட்டியல் முறைக்குப் போனது. குலங்கள் அதிலும் பட்டியல் போட்டன. 2024 செப்டம்பர் தேர்தலில் 138 இடங்களில் 41ஐக் கட்சிகளின் தேசியப் பட்டியலுக்கென்று ஒதுக்கினார்கள். காஸா போரின் நடுவே நடந்த அந்தத் தேர்தலில் இஸ்லாமிய செயல் முன்னணி 31 இடங்களோடு முதலில் வந்தது. வாக்களித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. குவைத்தில் 2024 ஏப்ரலில் தேர்தல் நடந்தது. மே மாதம் அமீர் மிஷ்அல் சபையைக் கலைத்து, அரசமைப்பின் சில பிரிவுகளை நான்கு ஆண்டுகள் வரை நிறுத்திவைத்தார்.

கத்தாரில் ஒரே ஒரு முறை

கத்தார் தன் ஷூரா சபைக்கு (ஆலோசனைச் சபை) முதல் தேர்தலை 2021 அக்டோபரில் நடத்தியது. 45 இடங்களில் 30க்குத் தேர்தல், மீதி அமீரின் நியமனம். 1930க்கு முன்பிருந்தே அங்கே குடியிருந்த குடும்பத்தார் மட்டும்தான் வேட்பாளராக நிற்கலாம் என்றது சட்டம். முர்ரா குலத்தில் ஒரு பகுதியினர் இதனால் வெளியே தள்ளப்பட்டார்கள். கத்தாரில் அபூர்வமாகப் பார்க்கக்கூடிய தெருப்போராட்டம் ஆகஸ்டில் நடந்தது, சிலர் கைதானார்கள். ஒருவர் எந்தத் தொகுதியில் வாக்களிப்பது என்பதையும் அவர் இன்றைக்கு இருக்கும் வீடு தீர்மானிக்கவில்லை. குடும்பம் பழைய காலத்தில் இருந்த இடம் தீர்மானித்தது. அதனால் பல தொகுதிகளில் போட்டியே ஒரே குலத்து ஆட்களுக்குள், சில இடங்களில் உறவுக்காரர்களுக்குள்தான். பெண்கள் நின்றார்கள், ஒருவரும் ஜெயிக்கவில்லை.

2024 நவம்பரில் பொதுவாக்கெடுப்பு வைத்து இந்தத் தேர்தலையே எடுத்துவிட்டார்கள். 90 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு என்று அறிவித்தார்கள். இனி எல்லாரும் நியமனம். தேர்தல் போட்டி குடும்பங்களுக்குள்ளும் குலங்களுக்குள்ளும் நடந்து மனக்கசப்பை உண்டாக்கிவிடுகிறது என்பது அமீர் சொன்ன காரணம். வாக்காளர் பட்டியலைத் தாத்தாவின் ஊர் பார்த்துத் தயாரித்தது யார் என்று அந்த நேரத்தில் யாரும் உரக்கக் கேட்டதாகத் தெரியவில்லை.